மணியமும் செல்லமும்

புந்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். கீழே கச்சாங் பூத்தே வறுக்கும் வாசனை மாடி வரைக்கும் வரும் என்பதால் முதல் பத்து நிமிடம் யாருக்கும் இலக்கியம் ஏறாது. வருகிறவர்கள் ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்கள், பன்னிரண்டு பதிமூன்று பேர். பாதிப்பேர் ஈப்போக்காரர்கள். மீதிப்பேர் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கம். தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள், இப்போது தாமானில் இருக்கிறார்கள். பால்மரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் செம்பனையைக் காட்டக்கூடியவர்களும் இதில் உண்டு.

சில மாதங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உலகில் எங்காவது நடந்த ஓர் இன மோதலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். எழுதி வந்தார்கள். ருவாண்டா, போஸ்னியா, காசா, ரோஹிங்கியா. மூன்று பேர் ஈழம். ஒருவர்கூட மலேசியாவைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "இங்கதான் ஒன்னும் நடக்கலையே சார்" என்றான் ஒரு பையன். பக்கத்தில் இருந்த பெண், "நடந்துச்சு. ஆனா எழுதக்கூடாது" என்றாள். அவன் சொன்ன அதே சாதாரணக் குரலில்தான் அவளும் சொன்னாள். 'நடக்கவில்லை', 'எழுதக்கூடாது' என்ற இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளுக்கு இனம் என்பது சொல்லித்தரப்படுகிறது. அந்த இடைவெளியில் இரண்டு நாவல்களை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்றை நாம் எல்லாரும் சேர்ந்து எதிர்த்தோம், படிக்கவில்லை. இன்னொன்றை எதிர்க்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

முதலாவது 'இன்டர்லோக்'. எழுதியவர் தேசிய இலக்கியவாதி விருது பெற்ற அப்துல்லா ஹுசேன். நாடு சுதந்திரம் பெற்ற பத்தாம் ஆண்டையொட்டி நடந்த ஒரு போட்டிக்காக 1967இல் எழுதப்பட்டு, 1971இல் நூலாக வந்தது. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம் என்று மூன்று பகுதிகள். நான்காவது பகுதியில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நாற்பது வருடம் அலமாரியில் இருந்த அந்த நாவலை 2011இல் ஐந்தாம் படிவ மலாய்மொழிப் பாடத்தின் இலக்கியப் பகுதியில் வைத்தார்கள். சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், புத்ராஜெயா பள்ளிகளுக்கு மட்டும்தான். பேராக் அந்த வட்டாரத்தில் இல்லை. எங்கள் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஈப்போவில் டீக்கடைப் பேச்சு, கோயில் மண்டபக் கூட்டம், நாளிதழ்க் கடிதம் எல்லாமே சூடாகத்தான் இருந்தன. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்ச் சாலையில் கண்ணீர்ப்புகை வாங்கிய சமூகம் அது. அடுத்த வருடமே சுங்கை சிப்புட்டில் 1974 முதல் அசைக்க முடியாமல் இருந்த சாமிவேலுவைத் தோற்கடித்த சமூகமும்கூட. ஒரு சொல்லுக்கு எரிந்து விழுவதற்கான வெப்பம் ஏற்கெனவே உடம்பில் இருந்தது.

அந்தச் சொல் 'பாரியா'. மலபாரிலிருந்து கப்பலேறி வரும் மணியத்தைச் சொல்லும்போது, கூட வந்தவர்கள் தீட்டுக்குப் பயப்படாமல் நெருங்கிப் பழகினார்கள், ஏனென்றால் எல்லாரும் ஒரே சாதி, பாரியா, என்ற பொருளில் நாவல் பேசுகிறது. நம் நாட்டு மலாய்ப் பேச்சில் தெருநாய்க்குப் பெயரே 'அஞ்சிங் பாரியா' என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினேழு வயதுப் பையன்கள் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில், பல இனமும் கலந்து உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியர் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தால் இடைவேளையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. ஆகவே எதிர்ப்பு தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் நியாயம் இருந்தது. திருத்தலாமா, எவ்வளவு திருத்தலாம் என்று ஒரு வருடம் இழுத்துவிட்டு, 2011 டிசம்பரில் அரசாங்கம் நூலை மீட்டுக்கொண்டது. நாம் வென்றோம்.

நானும் வென்றேன். கையெழுத்து வேட்டையில் என் கையெழுத்தும் இருந்தது. நாவலில் நான் படித்திருந்தது ஒரு பக்கத்தின் நகல், அதிலும் அடிக்கோடிட்ட வரிகள் மட்டும்.

அப்போது நான் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்தில் பின் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அந்தச் சொல்லு தப்பா, அந்த ஆளுங்க தப்பா?" எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவசரமாக, "சொல்லுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் தலையாட்டினாள். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம், நான் விசாரிக்கவில்லை.

அவள் கேட்ட கேள்வி 'இன்டர்லோக்' சண்டையில் யாருமே மேடையில் கேட்காத கேள்வி. மேடையில் பேசப்பட்டவை மூன்று. வரலாறு தவறு என்றார்கள், உண்மை. மலாயாவுக்கு ஆள்கட்டி வரப்பட்டவர்களில் பறையரும் பள்ளரும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள், ஆனால் வன்னியர், கவுண்டர், கள்ளர் என்று பலரும் வந்தார்கள். கங்காணி தன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும்தான் ஆள் சேர்த்தான். எல்லாரும் ஒரே சாதி என்பது அபத்தம். இரண்டாவது, மனம் புண்படுகிறது என்றார்கள், அதுவும் உண்மை. மூன்றாவதாகச் சொன்னதுதான் வில்லங்கம். "நாங்கள் அவர்கள் இல்லை" என்றார்கள். கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னவர்கள், "மலேசியாவில் சாதியே இல்லை, எதற்கு அதைப் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துகிறீர்கள்" என்றார்கள்.

சாதி இல்லாமலா இருந்தது? ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியலாளர் 1960களில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கி ஆய்வு செய்து 1970இல் புத்தகமாக்கினார். லயத்தில் யார் எங்கே குடியிருந்தார்கள், கோயில் காரியத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று அதில் இருக்கிறது. அதையெல்லாம் தேடிப் படிக்கக்கூடத் தேவையில்லை. எந்தப் பாட்டியிடமாவது "உங்க தோட்டத்துல மேல் லயத்துல யாரு, கீழ் லயத்துல யாரு?" என்று கேட்டால் போதும். முதலில் "அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா" என்பார். தேநீர் வந்த பிறகு சொல்வார். கல்யாணப் பேச்சு வரும்போது இன்றைக்கும் நாம் எல்லாரும் சொல்கிறோம்.

ஆக 'இன்டர்லோக்' போராட்டத்தில் ஒரு சமூகம் தன்மேல் விழுந்த அவமானத்தைத் தன் கீழே இருப்பவன் மேல் தள்ளிவிட்டு எழுந்து நின்றது. பின் வரிசைப் பெண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. அன்றைக்குச் சொல்லித்தர வேண்டிய இனப் பாடம் அதுதான். நான் 'சொல்லுதான் தப்பு' என்று முடித்துவிட்டேன்.

நாவலை முழுதாகப் படித்தது பல வருடம் கழித்து. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்: நான் எதிர்பார்த்த வெறுப்பு அதில் இல்லை. அப்துல்லா ஹுசேனுக்கு மூன்று இனத்தின் மேலும் அன்பு இருக்கிறது. அஞ்சடியிலேயே நின்று உள்ளே எட்டிப்பார்க்கும் விருந்தாளியின் அன்பு. எழுதத் தெரியாததால் நிலத்தை இழக்கும் மலாய்க்காரர், காசே கண்ணான சீனர், நன்றி மறக்காத இந்தியர் என்று ஆளுக்கொரு குணம் எழுதி ஒட்டியிருக்கிறது. தேசிய தினத்துக்குப் பள்ளிச் சுவரில் வரைவார்களே, சொங்கோக் ஒருவர், வேட்டி ஒருவர், சீன உடையில் ஒருவர், அந்த ஓவியம் நடமாடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணியத்தைப் பொறுத்தவரை எனக்கு 'பாரியா' என்ற சொல்லைவிட உறுத்தியது வேறு. பெயர் தமிழ், ஊர் மலபார், பழக்கவழக்கம் எந்த ஊருடையது என்று ஆசிரியருக்கே தெளிவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஆபத்தில் இருக்கும் மணியத்தை ஒரு மலாய்க்காரர் காப்பாற்றுகிறார். பின்னாளில் மணியம் அந்த நன்றிக்காகத் திருப்பி உதவுகிறான். ஒற்றுமை அப்படித்தான் பிறக்கிறது. ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம், துரை ஏன் பங்களாவில் இருக்கிறான், நான் ஏன் லயத்தில் இருக்கிறேன் என்ற கோபம் அவன் மனதை ஆள்வதில்லை, நன்றிதான் ஆள்கிறது. தேசிய ஒற்றுமைக் கதைகளில் தமிழனுக்கு ஒதுக்கப்படும் வேடம் இது. நாம் அந்த வேடத்தை எதிர்க்கவில்லை. வேடத்தின் மேல் ஒட்டியிருந்த ஒரு சீட்டை மட்டும் கிழிக்கச் சொன்னோம்.

இரண்டாவது நாவல் நடப்பதே ஈப்போவில். பிரீத்தா சமரசன் ஈப்போவில் வளர்ந்தவர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2008இல் வந்த அவருடைய முதல் நாவல் 'ஈவினிங் இஸ் த ஹோல் டே'. தலைப்பு ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்த்த ஒரு குறுந்தொகைப் பாடலிலிருந்து எடுத்தது. குறுந்தொகையைத் தலைப்பில் சுமந்துகொண்டு, ஒரு ஈப்போத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றி எழுதிய நாவல் அனைத்துலக விருதுப் பட்டியல் வரைக்கும் போய் வந்தது. புந்தோங்கில் அதைப் படித்தவர் என்று நான் சந்தித்தது ஒரே ஒருவரை, அவரும் சீனர்.

கதை 1980இல் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. கிங்ஃபிஷர் லேன் என்ற தெருவில் ஒரு பெரிய வீடு. முன்பு ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த வழக்கறிஞர் அப்பா, கசந்துபோன அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ரப்பர்த் தோட்டத்திலிருந்து செல்லம் என்ற பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். மாதம் பிறந்தால் அவளுடைய அப்பன் வந்து சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்க் குடித்துவிடுவான். பாட்டி இறந்துபோகிறாள். பழி செல்லத்தின் மேல் விழுகிறது. அது எப்படி விழுந்தது என்பதுதான் நாவல் என்பதால் நான் முடிச்சை அவிழ்க்கப் போவதில்லை.

அந்த வீட்டில் அவளுடைய பெயர் வெறும் செல்லம் இல்லை. 'செல்லம்சர்வன்ட்'. பெயரையும் வேலையையும் இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். குழந்தைகள் அதை யாரும் சொல்லித்தராமலே பேசுகிறார்கள்.

'பாரியா'வுக்காகத் தெருவுக்கு வந்த நமக்கு இந்தச் சொல் எப்படி இருக்கிறது? இதைச் சொல்வது மலாய்க்காரர் அல்ல, வெள்ளைக்காரன் அல்ல. தமிழ்க் குடும்பம். நல்ல படிப்பு, நல்ல ஆங்கிலம். அப்பாவுக்கு இன பேதமற்ற மலேசியாவைப் பற்றிப் பெரிய கனவெல்லாம் உண்டு. அதே வீட்டின் பின்கட்டில் ஓர் ஏழைத் தமிழ்ப் பெண்ணுக்கு எதிராக அந்தக் குடும்பமே ஒரு பொய்யில் இணைந்துகொள்கிறது. 1969 மே 13 கலவரமும் நாவலில் வருகிறது. அதை சமரசன் நேரடியாகச் சொல்வதில்லை. வதந்தி, உண்மை என்ற இரண்டையும் ஆட்களாக்கித் தெருவில் நடமாட விடுகிறார். தெருவில் வதந்தி செய்கிற வேலையை வீட்டுக்குள் பொய் செய்கிறது. ஒரு நாட்டில் சிறுபான்மையாக இருந்து பயப்படுகிறவன், தன் வீட்டில் பெரும்பான்மையாக இருந்து பயமுறுத்த முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன மலேசிய நாவல் வேறு எதையும் நான் படித்ததில்லை.

குறைகளும் உண்டு. சமரசனின் ஆங்கிலம் சில இடங்களில் தீபாவளிப் பட்டாசு. ஒரு வாக்கியம் வெடித்து முடிவதற்குள் அடுத்தது. அதைவிடப் பெரிய குறை செல்லம்தான். அவளுக்காகவே எழுதப்பட்ட நாவலில் அவள் பெரும்பாலும் வெளியிலிருந்தே தெரிகிறாள். ஆஷா என்ற ஆறு வயதுக் குழந்தைக்குப் பேய்களோடுகூட உரையாடும் மனம் கொடுத்த எழுத்தாளர், செல்லம் வந்த தோட்டத்துக்குள் நம்மை உட்காரவைப்பதில்லை. குடிகார அப்பன், ஒல்லி உடம்பு, கிழிந்த சட்டை. ஈப்போ பங்களாவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டம் அவ்வளவுதான் தெரியும். மணியத்தை அப்துல்லா ஹுசேன் பார்த்த தூரமும், செல்லத்தை சமரசன் பார்க்கும் தூரமும் ஒன்றில்லை. ஆனால் இரண்டும் தூரம்தான். ஒரே வித்தியாசம், சமரசனின் நாவலுக்கு அந்தத் தூரம் தெரிந்திருக்கிறது. பார்க்க மறுப்பதே அந்த வீட்டின் குற்றம் என்பதால் நாவலும் அதே குற்றத்தின் ஓரத்தில் நின்று எழுதப்பட்டிருக்கிறது.

"அப்படின்னா தோட்டத்துக்குள்ள இருந்து எழுதினவங்க யாரு சார்?" என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' என்று எடுத்து வைத்தேன். இவற்றில் லயத்தின் புகை இருக்கிறது, பிரட்டுக் களத்தின் இருட்டு இருக்கிறது. இவற்றில் செல்லத்தின் அப்பன் குடிகாரன் மட்டுமாக இருக்க முடியாது. அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மரம் வெட்டினான் என்பதும் சேர்ந்தே வரும். எனக்கு நெருக்கமான புத்தகங்கள் இவைதான்.

ஆனால் அன்றைக்கு நாங்கள் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். எந்தக் கதையானாலும் ஒரே கேள்வி: கதை யாருடைய அடுப்படிக்குள் நுழைகிறது, யாருடைய வாசலோடு நின்றுவிடுகிறது? தோட்டக் கதைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தேடினார்கள். சீனர் பெரும்பாலும் கடையின் முன்பக்கத்தில், கடன் புத்தகத்தோடு. இல்லாவிட்டால் குத்தகையாளர், இல்லாவிட்டால் காட்டிலிருந்து வருகிற துப்பாக்கிக்காரர். மலாய்க்காரர் போலீஸ்காரர், டிரைவர், அல்லது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்போங்கில் நல்லவராக இருப்பவர். விதிவிலக்குகள் உண்டு, ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகள் கோல் போட்ட மாதிரி கத்தினார்கள். ஆனால் அவை விதிவிலக்குகள் என்பதால்தான் கத்தினார்கள். அப்துல்லா ஹுசேன் நம் அடுப்படிக்குள் வரவில்லை என்று குறைப்பட்டோம். நாமும் யாருடைய அடுப்படிக்கும் போனதில்லை.

இதைச் சொன்னதும் ஒரு பையன் கொஞ்சம் கோபமாக, "அவங்க நெறைய பேரு சார், நாம கம்மி. நாம நம்மளப் பத்தி எழுதவே நேரம் பத்தல" என்றான். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். விவாதத்தில் எல்லாவற்றுக்கும் ஆசிரியரிடம் பதில் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்ப ஆரம்பித்தால் வகுப்பு கெட்டுவிடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் இரண்டு பேருக்கு 1948 ஜூன் 16 மனப்பாடம். பரீட்சைத் தேதி அது. எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. யார் சுட்டார்கள் என்றால், "கம்யூனிஸ்ட்." அவர்கள் யார் என்றால், "சீனனுங்க." அதோடு நின்றுவிட்டது. தங்கள் ஊரிலேயே, அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடம், தோட்டத்தில் சீனரும் தமிழரும் சேர்ந்து சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. அந்தச் சங்கங்களின் அனைத்து மலாயா சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. தமிழர். 1949 மே 4ஆம் தேதி பூடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர் வகுப்பில் ஒருவருமில்லை. மோதலை மட்டும் சொல்லி, அதற்கு முன்னால் இருந்த சேர்க்கையைச் சொல்லாமல் விட்டால், இனங்கள் பிறந்ததிலிருந்தே அடித்துக்கொண்டுதான் இருந்தன என்றுதானே ஒரு பிள்ளை நினைக்கும்? அவசரகாலத்தில் ஆற்றோரத் தமிழர்கள் காட்டுக்காரர்களுக்கும் அரசுப் படைக்கும் நடுவில் நசுங்கியதைச் சொல்லும் 'லங்காட் நதிக்கரை'யை இந்தப் பின்னணியோடு வாசித்தபோதுதான், அதிலுள்ள பயம் எவன் மேல் என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றியது.

மே 13க்கும் இதே கதைதான். கோலாலம்பூரில் நடந்தது, அரசாங்கக் கணக்கில் இறந்தவர் 196, பிறகு ருக்குன் நெகாரா. நம்முடைய கதை அதில் எங்கே என்று தேடினால் அகப்படாது. செம்மோரிலிருந்து வரும் ஒரு மாணவி வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தாள். பாட்டிக்குக் கலவரம் என்றால் ரேடியோவில் ஊரடங்கு. அவ்வளவுதான். அவர் அழுதது வேறொன்றுக்கு. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றார்கள். பர்மிட் கிடைக்கவில்லை. "சட்டி பானைய எங்கிட்ட குடுத்துட்டு ரஜூலா கப்பல்ல போயிட்டாங்க. கடுதாசி போடுறேன்னா. போடல." மாணவியின் நோட்டில் இப்படியே இருந்தது, நான் திருத்தவில்லை.

1968இல் குடியுரிமை இல்லாதவர்களின் வேலைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. கலவரத்துக்குப் பிறகு அது இறுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். தோட்டத் தமிழனுக்கு மே 13 கத்தியாக வந்ததைவிடக் காகிதமாகத்தான் அதிகம் வந்தது. இதை எழுத எந்தச் சட்டமும் தடையில்லை என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

ருவாண்டாவைப் பற்றி எழுதியவன் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய இரண்டு பக்கத்தில் நன்றாக இருந்த பத்தியே அடையாள அட்டை பற்றியதுதான்: பெல்ஜியக்காரர்கள் 1930களில் ஒவ்வொருவன் அட்டையிலும் ஹூட்டு, டுட்சி என்று எழுதிவைத்தார்கள், 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொன்றார்கள் என்று எழுதியிருந்தான். "நம்ம அட்டையில நெறம்தானே சார் இருந்துச்சு" என்றான். அட்டை வேறு, நோக்கம் வேறு, விளைவு வேறு, ருவாண்டாவை இங்கே கொண்டுவந்து ஒட்டாதே என்று எச்சரித்தேன். ஆனால் ஆளைப் பெட்டியில் போட்டு எண்ணுகிற வேலையை இங்கேயும் வெள்ளைக்காரன் செய்தான் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. 1891 மக்கள்தொகைக் கணக்கில் நம் பெட்டியின் பெயர் 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்'. பிறகு அது 'இந்தியர்' ஆனது. மலபார் மணியமும் தமிழ் மணியமும் அப்துல்லா ஹுசேன் கையில் குழம்பிப்போனதற்கு இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு. கொலைக்குப் பிறகு ருவாண்டாவில் பள்ளிகளில் வரலாறு கற்பிப்பதையே பல வருடம் நிறுத்திவைத்திருந்தார்கள் என்றதும் அவன் சிரித்தான். "அவங்க நிறுத்திட்டாங்க. நாம நடத்துறோம், ஆனா அந்தப் பக்கத்தத் திருப்பி வச்சிட்டு நடத்துறோம்."

ஈழம் எழுதிய மூன்று பேரிடம்தான் எனக்கு அதிக வேலை இருந்தது. மூவருக்கும் 2009 தெரியும், உணர்ச்சியோடு எழுதியிருந்தார்கள். முல்லைத்தீவின் வரைபடம்கூட ஒருவன் போட்டிருந்தான். மலையகம் மூவருக்கும் தெரியாது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியதும், 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டதும் தெரியாது. அதுவும் லயம்தான், கங்காணிதான், கப்பல்தான். செம்மோர்ப் பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொந்தம் அங்கேதான் அதிகம். போர் நடந்த ஈழத்தோடு நாம் உணர்ச்சியால் ஒட்டிக்கொண்டோம். நம்மைப் போலவே வாழ்ந்த மலையகத்தைப் பார்க்கவில்லை. வீரம் இருக்கும் இடத்தில்தான் நமக்கு உறவு தேவைப்படுகிறதோ என்று சில நேரம் எனக்குத் தோன்றும். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

இதெல்லாம் நடந்து முடிந்ததும் 'இன்டர்லோக்'கின் அந்தக் கப்பல் பக்கத்தை வகுப்பில் படித்தோம். மலாயில், சத்தமாக, நானே படித்தேன். பேசாமல் இருந்தார்கள். பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கும் முன்னால் கேட்கப்பட்ட கேள்வியை என் கேள்வி மாதிரி வைத்தேன்: சொல் தப்பா, ஆட்கள் தப்பா? செம்மோர் மாணவி சொன்னாள், "சொல்லக் கேட்டுக் கூசுறமே சார், அந்தக் கூச்சம் எங்கேர்ந்து வருது?" இன்னொருவன், தான் வீட்டில் கேட்கப்போவதாகச் சொன்னான். கேட்காதே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவன் வந்தான். அம்மா பதில் சொன்னார், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார் என்றான். அம்மா என்ன சொன்னார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சமரசனின் நாவலைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால் நல்லது. பிள்ளைகள் இப்போதைக்கு செல்லம் வருகிற சில பக்கங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு தமிழாக்கிப் பார்க்கிறார்கள். 'செல்லம்சர்வன்ட்' என்பதில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். 'வேலைக்காரிச் செல்லம்' என்றான் ஒருவன். "அது மரியாதையா இருக்கு, அவங்க அப்படிச் சொல்லல" என்று மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'செல்லவேலைக்காரி' என்றால் பொருளே மாறிவிடுகிறது. சுங்கை சிப்புட் பையன் தன் பாட்டி ஈப்போவில் ஒரு வீட்டில் வேலை செய்ததாகவும், அங்கே அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு வருவதாகவும் சொல்லியிருக்கிறான்.